அவர் பார்த்த வண்டி

நெஞ்சில் நீதி உள்ளவர்களே, வாருங்கள்! நான்கு நாள் மண்தடப் பைக் பந்தய விழாவில் நடந்த அநியாயத்தைப் பாருங்கள்!

முதல் வரிசையில் ஒரு ரசிகர். பைக்குகள் புழுதி கிளப்பிப் பறந்தன. அவர் பார்வையோ ஓரத்தில் நின்ற ஆம்புலன்ஸை விட்டு அகலவில்லை.

“பெரியவரே, பந்தயம் அந்தப் பக்கம்!” என்று சீண்டினான் பக்கத்து இளைஞன். “இது மூணு நாளா நின்ன எடத்துலயே நிக்குது. இதுவா ஜெயிக்கப் போகுது?”

“ஒரு தடவ நகர்ந்தா போதும், தம்பி. அதப் பாக்கத்தான் டிக்கெட் வாங்கினேன்.”

அப்போது வளைவில் ஒரு வீரன் தூக்கி எறியப்பட்டான். இளைஞன் வேலியைத் தாண்டி ஆம்புலன்ஸிடம் ஓடினான். பெரியவரும் பின்னால் ஓடினார்.

“வண்டிய எடுங்கண்ணே! உசுரு போகுது!”

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் தலைகுனிந்தார். “இதுல இன்ஜினே இல்லப்பா. ஆம்புலன்ஸ் நின்னாத்தான் பந்தயத்துக்கு அனுமதின்னு எங்கிருந்தோ இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்காங்க.”

பெரியவர் வியக்கவில்லை. “போன வருஷம் பந்தயத்துல ஓட்டின என் பொண்ணு இதே வளைவுல விழுந்து உசுர விட்டப்பவும் இதத்தான் சொன்னாங்க. போகாத ஆபீஸ் இல்ல, தம்பி.”

வீரனை ஓரமாகக் கிடத்தினார்கள். ஒலிபெருக்கி அடுத்த சுற்றை அறிவித்தது. கூட்டம் கைதட்டியது.

தட்டிய கைகளே, கேளுங்கள்! அந்த வண்டி உங்கள் கண்முன் ஓடிக்காட்டும்வரை ஒருவரும் நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள்!