பதின்மூன்று முறை நின்ற நகல்

அந்தப் படத்தொகுப்பாளரை உறவினர் 'சாட்சி' என்றே அழைப்பர். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

தங்கையின் திருமணக் காட்சிகள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென முனகத் தொடங்கிற்று. அது அடங்குவதற்குள் முழுத் தொகுப்பையும் புதியதற்கு மாற்ற முயன்றார். பதின்மூன்று முறை முயன்றும் நகல் கரைசேரவில்லை. வேறு வழியின்றி, கணினி பழுதுபார்க்கும் தங்கை கணவரை வரவழைத்தார்.

"கேபிள், டிஸ்க் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தொகுப்பைத் திறந்து பார்த்தார்.

"மச்சான், இதுல எங்க கல்யாணம் கால்வாசிதான் இருக்கு. மீதி முழுக்க நீங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு இந்தத் திரையைப் பாக்கறீங்க."

"நகல் எப்படி நிக்குதுன்னு ஆதாரம் வேணாமா? திரைக்கு மேல இருக்கற அந்தக் கேமரா எடுக்க எடுக்க, நேரா அந்தத் தொகுப்புலயே பதிவாகும்."

"நீங்க நகலெடுக்க எடுக்க அது வளந்துகிட்டே போனா, எப்படி முடியும்? கேமராவை அணைங்க, இப்பவே ஏறிடும்."

சாட்சி தம் கைப்பேசியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"அணைச்சுடறேன். நான் அணைக்கிறதை மட்டும் நீங்க படம்பிடிச்சு, அந்தத் தொகுப்புலயே போட்டுடுங்க," என்றார் அமைதியாக.