நடுங்கினால் திறக்கும் கதவு

ஒரு ஊரிலே ஒரு கல்யாண மண்டபம், மண்டபத்துக்குள்ளே ஒரு ஆம்ப்ளிபையர் பெட்டி, பெட்டிக்குள்ளே மூன்று காலோடு ஒரு டிரான்சிஸ்டர் இருந்ததாம். அதன் முதல் காலில் கரண்டு வெள்ளமாக முட்டிக்கொண்டு நிற்கும். நடுக்காலை மைக் லேசாகத் தொட்டால் போதும், உள்ளே கதவு திறந்துவிடும். வெள்ளம் மூன்றாவது கால் வழியாகப் பாய்ந்து ஸ்பீக்கரைக் கத்த வைக்கும்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் போன மதியம், சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. ஸ்பீக்கர் லேசாக இரைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, யாரோ மூச்சு விடுறாங்க” என்று மைக் கிசுகிசுத்தது.

டிரான்சிஸ்டர் கதவைத் திறந்தது. “யாரோ மூச்சு விடுறாங்க!” என்று ஸ்பீக்கர் கத்தியது.

“ஐயோ, அங்கேயும் எவனோ அதையே சொல்றான்!” மைக் நடுங்கியது. ஸ்பீக்கர் இன்னும் பெரிதாக அலறியது. டிரான்சிஸ்டருக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

“என்னைத் தொடாதடி, கருகிடுவேன்!”

“நான் தொடலண்ணே, பயத்துல நடுங்குறேன்.”

“உன் நடுக்கந்தான்டி எனக்குத் தொடுறது!”

“அப்ப கதவைச் சாத்துங்கண்ணே.”

“எனக்குச் சாத்தத் தெரியாதே. நீ சும்மா இருந்தாத்தான் அதுவா சாத்திக்கும்.”

அலறல் கேட்டு வாட்ச்மேன் மாசிலாமணி வந்து எட்டிப் பார்த்தார். காலி நாற்காலிகள்தான் கிடந்தன. சுவிட்சு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. “அணைச்சிடுங்கய்யா” என்று டிரான்சிஸ்டர் கெஞ்சியது அவருக்குக் கேட்கவில்லை.

“யாரு உள்ளே?” என்றார் மெல்ல.

மைக் அதற்கும் நடுங்கியது.

“யாரு உள்ளே?” என்று காலி மண்டபம் அவரையே கேட்டது.

மாசிலாமணி கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.