சிரித்த குற்றம்

"உன் வீட்டுக்காரன் சிரிச்சானா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஜவுளிக் கடை வேங்கடபதி திண்டில் சாய்ந்தபடி கேட்டார். நூல் வாங்கக் கூடையோடு வந்து நின்ற லிங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிச்சாக மொதலாளி."

"எத்தனை தடவை?"

"அதை யாரு எண்ணினா? சிரிப்பு வந்துச்சு, சிரிச்சாக."

"நான் எண்ணினேன்" என்றார் கடைக் கணக்கப்பிள்ளை பாலையா. "பதினேழு."

அருப்புக்கோட்டை டெண்ட் கொட்டகையில் பத்து நாளாக ஒரு சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துறந்துவிடுங்கள் என்று பிரசங்கம் செய்கிற சாமியார் ஒருவர் பட்டணத்துக்கு வருகிறார். கடைக்காரர்கள் அவரை விடுவார்களா? கடைசியில் சாமியார் சோப்புக்கும் செண்ட்டுக்கும் கிராமபோன் பெட்டிக்கும் ஆசீர்வாதம் பண்ணி விற்றுக் கொடுக்கிறார். பந்தல்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

வேங்கடபதி ராமர் பஜனை மடத்துக்குத் தலைவர். பார்த்தாலே பாவம் என்று அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. சிரிக்கிறவர்கள் யார் யார் என்று பார்த்துவரப் பாலையாவை அனுப்பினார். பாலையா மூன்று நாள் போனார்.

"இருட்டுல எங்க வீட்டு ஆளு சிரிப்புன்னு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"திம்மையா சிரிப்பு எனக்குத் தெரியாதா? பக்கத்துல இருக்கவன் மேல விழுந்துல்ல சிரிப்பான்."

"சாமியைக் கேலி பண்றதைப் பார்த்துச் சிரிச்சவனுக்கு என் கையால நூல் குடுத்தா, அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்" என்றார் வேங்கடபதி.

உலகச் சண்டை முடிந்தும் நூலுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் முடியவில்லை. பெர்மிட் வேங்கடபதி கையில். அவர் நூல் கொடுத்தால்தான் தறி ஓடும், தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். நூல் தட்டுப்பாட்டில் லிங்கம்மாள் வீட்டுத் தறி சும்மா கிடந்து இருபது நாளாகிறது. பிள்ளைகள் மூன்றும் ஒரு வேளைக் கம்பங்கூழில் இருந்தன.

"என்ன செய்யணும், சொல்லுங்க மொதலாளி. செய்யச் சொல்றேன்."

"சனிக்கிழமை மடத்துக்கு வரச் சொல்லு. எல்லார் முன்னாலயும் ராமர் படத்துக்கு முன்ன விழுந்து, சிரிச்சது தப்புன்னு கன்னத்துல போட்டுக்கிடணும். பெறகு பார்ப்போம்."

வீட்டில் திம்மையா முறைத்தான்.

"நான் எதைப் பார்த்துச் சிரிச்சேன்னு ராமருக்குத் தெரியாதாக்கும்?"

"ராமருக்குத் தெரியும். நூலு ராமருகிட்ட இல்லையே. போயிட்டு வாங்க."

போனான். விழுந்து கும்பிட்டான். பாலையா பக்கத்தில் நின்று எண்ண, சிரிப்புக்கு ஒன்று வீதம் பதினேழு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன.

அன்றைக்கே மடத்து ஜனங்கள் ஜால்ராவும் மிருதங்கமுமாகக் கொட்டகைக்குப் புறப்பட்டார்கள். படத்தை நிறுத்தாமல் திரும்புவதில்லை என்று வேங்கடபதி சொல்லியிருந்தார்.

கொட்டகைக்காரர் காளிராஜ் வாசலுக்கே ஓடிவந்தார். சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேங்கடபதியைக் கும்பிட்டார்.

"வெயில்ல நிக்காதீக. உள்ள வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

வேங்கடபதி உள்ளே போனார். வெளியே இவர்கள் நாலு பாட்டுப் பாடி முடித்தார்கள். ஐந்தாவது பாட்டுக்குத் தொண்டை கட்டியபோது அவர் வந்தார். முகம் சாந்தமாக இருந்தது.

"படம் ஓடட்டும். காளிராஜ் நல்ல பக்திமான். நமக்குத்தான் தெரியாமப் போச்சு. திங்கட்கிழமையிலேருந்து படத்துக்கு முன்னால தினம் ராமர் பட்டாபிஷேகம் காட்டப் போறாரு. மடத்து ஆளுங்க ஒருத்தர் பாக்கியில்லாம வரணும். டிக்கெட் கிடையாது."

"பார்த்தாலே பாவம்னீகளே மொதலாளி?" என்றான் கூட்டத்தோடு வந்திருந்த திம்மையா. கன்னம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"ராமரைக் கும்பிட்டுட்டுப் பார்த்தா ஒட்டாதுடா. நீ மொத ஆளா வந்து என் முன்னால உக்காரு. எப்படி நடந்துக்கிடறேன்னு பார்க்கிறேன். சரியா இருந்தா செவ்வாய்க்கிழமை காலையில வந்து நூலை வாங்கிக்கிட்டுப் போ."

திங்கட்கிழமை முதல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் லிங்கம்மாள் பிள்ளைகளோடு இடம் பிடித்திருந்தாள். ஆண்கள் பக்கம் திம்மையா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் முதுகுக்கு நேர் பின்னால் நாற்காலியில் வேங்கடபதி.

விளக்கு அணைந்தது. திரையில் சீதையோடும் தம்பிமாரோடும் ராமர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி வந்தார். கலர் அடித்த கண்ணாடிச் சிலைடு, கண்ணைப் பறித்தது. "ராமா, ராமா" என்று கொட்டகை முழுக்கக் கை எடுத்தது. லிங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராமர் பாதத்துக்குக் கீழே ஏதோ எழுத்து இருந்தது. சுலோகமாக்கும் என்று நினைத்து, படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் மற்றவர்களுக்காக எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"சீதாதேவி உடுத்தியிருப்பது போன்ற சேலைகள்... சல்லிசான விலையில்... வேங்கடபதி ஜவுளிக் கடை... கடைவீதி."

சிரிப்புப் படம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, எடுத்த கையைத் தட்டிக் கொட்டகையே சிரித்தது.

காலையில் நூல் வாங்க வேண்டிய திம்மையா மட்டும் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.