தனியே நின்ற கதவு

கைபேசி வரைபடம் காட்டிய தெரு அங்கே இல்லை. இடித்துச் சமன்படுத்திய வெட்டவெளியின் நடுவே, நிலையோடு ஒரு கதவு மட்டும் நின்றது. அந்த அயல்நாட்டு ஊரின் கிழவர் ஒருவர் அதைத் தட்டிவிட்டு, திறப்பார்கள் என்று பொறுமையாகக் காத்திருந்தார். முதுகுப்பையோடு நாடு நாடாகச் சுற்றிவந்த இன்பராணி, தன்னை மறந்து “அடக் கடவுளே” என்றாள்.

“தமிழா, தங்கச்சி?” இடிக்கும் இயந்திரத்திலிருந்து அதன் ஓட்டுநர் முனியசாமி எட்டிப் பார்த்தான். “அது அவர் வீடு. இடிச்சது அவருக்கு நினைவுல நிக்கல. தினமும் வந்து தட்டுறாரு, அதை இடிக்க எனக்குக் கை வரமாட்டேங்குது. மத்தியானம் மேலாளர் வரும்போது கதவு நின்னுச்சுன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். அந்தப் பக்கம் போயி ஒருதரம் திறந்து விடேன். மனசாறிக் கிளம்பிருவாரு.”

“நீங்களே திறக்கக் கூடாதாண்ணே?”

“இந்தத் தொப்பியைப் பார்த்தாலே நடுங்குறாரும்மா.”

அவள் சுற்றிக்கொண்டு கதவின் பின்னால் போய் நின்றாள். மனதுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். தட்டும் சத்தம் கேட்டதும் திறந்தாள்.

கிழவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசற்படியைத் தாண்டி வந்தார். கதவைச் சாத்தித் தாழிட்டார். பிறகு அவள் தோளிலிருந்து பையைத் தானே இறக்கி, சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாய்த்து வைத்தார். பை விழவில்லை.

“என்ன தங்கச்சி, கதவை எடுத்துறலாமா?” கதவுக்கு அப்பாலிருந்து முனியசாமி கேட்டான்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காரு.”