சுவரில் இருபத்திரண்டு

மகளைப் பெண்பார்க்க வருபவர்கள் எங்கள் தரத்தை அறிய வேண்டும். ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் பழைய தெர்மோஸ்டாட்டை முன்னறைச் சுவரிலிருந்து கழற்றி, புதிதாக ஒன்றைப் பூட்ட, மின்வேலை செய்யும் வினோதனை அழைத்தேன்.

"எத்தினையில விடட்டும், ஐயா?"

"இருபத்திரண்டு."

மாப்பிள்ளையின் தந்தை யோகநாதன் வந்ததும் அந்த எண்ணைத்தான் பார்த்தார்.

"குளிர் கூடிப்போச்சோ?" என்றேன்.

"கொஞ்சம் கூடத்தான்" என்று நெற்றி வியர்வையைச் சால்வையால் துடைத்தார். "எங்கட வட்டக்கச்சி வீட்டிலையும் உதுதான். வினோதன்தான் பூட்டினவர்."

அவர்கள் எங்களிலும் மேல் என்றால் என் மானம் என்னாவது? அவர்கள் போனதும் வினோதனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அவையின்ர ஏசி எப்பிடி?"

"உங்கட வீடு மாதிரித்தான், ஐயா. அங்கையும் சுவரில பெட்டி மட்டுந்தான். ஏசி இல்லை."

உடனே சம்மதம் சொல்லியனுப்பினேன். எங்கள் தரத்துக்கு ஏற்ற குடும்பம்.