ஏழாம் எண்

வாக்கி டாக்கி நோரீனின் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"நான் வச்சுக்கறேம்மா, குடு," என்றான் கர்ட்.

"என்கிட்டயே இருக்கட்டும்."

மகன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அப்பாவின் சவப்பெட்டியைப் பார்த்தபடி, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மொன்டானாவின் ஆகஸ்ட் காற்று கல்லறைத் தோட்டத்தின் காய்ந்த புல்லைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது. காற்றில் இன்னும் புகை வாசனை. டெல்பர்ட்டைக் கொண்டுபோன தீ அணைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்.

"மாவட்ட சபைத் தேர்தல்ல மூணு தடவை இவன்கிட்ட தோத்தேன். ஒவ்வொரு தடவையும் மறுநாளே சுத்தியலைத் தூக்கிட்டு வருவான். 'வெஸ், உன் வேலி சாஞ்சிருக்கே'ன்னு சரிபண்ணிக் குடுத்துட்டுப் போவான். ஒருத்தனை நிம்மதியா வெறுக்கக்கூட விடமாட்டான், படுபாவி."

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தது.

ஆளாளுக்குச் சொன்னார்கள். பசுவுக்குப் பிரசவம் பார்த்துக் கன்று இழுத்த ரத்தம் சட்டைக் கையில் காயாமலே சபைக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது. பள்ளிப் பேருந்து பனியில் புதைந்த அன்று வைக்கோல் வண்டியில் பிள்ளைகளை ஏற்றி வீடு வீடாக இறக்கிவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு நிலம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தாத்தா காலத்திலிருந்து மாடு மேய்ந்த தன் கரையையே கைகாட்டியது.

எல்லாம் உண்மைதான். ஆனால் நோரீனுக்கு வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோல இருந்தது. அவளுடைய டெல்பர்ட் வீட்டில் அதிகம் பேசமாட்டார். குளிர்ந்த கால்களைக் கட்டிலில் அவள் கால்மேல் வைத்துச் சூடேற்றிக்கொள்வார். அதை இங்கே யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்தது அழைப்பு.

இந்த மாவட்டத்தில் தீயணைப்பு வேலைக்குச் சம்பளம் கிடையாது. மாடு வளர்ப்பவர்களே போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். ஆளுக்கு ஓர் எண். ஒருவர் இறந்தால் குழிக்கரையில் அவர் எண்ணை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் எண் அவரோடு மண்ணுக்குள் போய்விடும். வீட்டு மனிதர் யாராவது பதில் சொன்னால், எண்ணும் ஓட்டமும் அந்த வீட்டில் தொடரும்.

டெல்பர்ட் ஏழாம் எண் ஆனது அப்படித்தான். அவருடைய அப்பாவின் குழிக்கரையில், மூன்றாவது அழைப்பில்.

காலையில் கர்ட் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நோரீன் எதிரே போய் நின்றாள்.

"உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரிம்மா. சத்தியம்."

சொன்னான். ஆனால் பூட்ஸைப் பார்த்துத்தான் சொன்னான்.

அதனால்தான் வாக்கி டாக்கியை அவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தங்களுடையதை மரியாதைக்காக அணைத்து வைத்திருந்தார்கள். அங்கே உயிரோடிருந்தது இது ஒன்றுதான்.

அது கரகரத்தது. ஊரில், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் ரோண்டாவின் குரல்.

"ஏழு. ஏழு, கேக்குதா?"

நோரீன் கர்ட்டின் தாடையை மட்டும் பார்த்தாள். அது இறுகியது.

காற்று. யாருடைய குழந்தையோ இருமியது.

"ஏழு, கேக்குதா?"

கர்ட்டின் உதடுகள் பிரிந்தன. வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். உதடுகள் மூடிக்கொண்டன.

இன்னும் ஒன்றுதான். அது முடிந்தால் மகன் வீட்டில் இருப்பான். கிழவனாகிக் கட்டிலில் சாவான்.

மூன்றாவது முறை ரோண்டாவால் முடியவில்லை. சடங்குக்காக வைத்திருந்த குரல் உடைந்து, எங்கோ புகை தெரியும்போது கூப்பிடுகிற குரல் வந்துவிட்டது.

"ஏழு! ஏழு, எங்க இருக்கீங்க? பதில் சொல்லுங்க!"

"ஏழு கிளம்பியாச்சு."

எல்லாத் தலைகளும் கர்ட்டின் பக்கம் திரும்பின.

அவன் உதடுகள் மூடியே இருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவை.

நோரீன் குனிந்து மடியைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

டெல்பர்ட் எந்தத் தீ அழைப்புக்கும் தானாகப் பதில் சொன்னதே இல்லை. மாடுகளோடு பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு எதுவும் எட்டாது. வாக்கி டாக்கி சமையலறை ஜன்னலில் கிடக்கும். அவள்தான் எடுப்பாள். முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, அப்புறம் வாசலுக்கு ஓடி, பிக்கப் வண்டியின் ஹாரனை அவர் தொப்பி மேட்டில் தெரியும்வரை அழுத்துவாள்.

போன வாரமும் அவள்தான் சொன்னாள்.

ரோண்டா மூச்சை உள்ளே இழுப்பது எல்லோருக்கும் கேட்டது. இத்தனை வருடமாகக் கேட்ட குரல். அதற்குத் தருகிற பதிலும் தானாகவே வந்தது.

"சரி, நோரீன். பத்திரமாப் போகச் சொல்லு."

வெஸ் மெல்லத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வந்துவிட்ட பதிலைத் திருப்பி வாங்கும் வழக்கம் இந்த மாவட்டத்தில் இல்லை.

கர்ட் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"நான் வாயே திறக்கலம்மா," என்றான்.

கை மட்டும் அவள் மடியை நோக்கி நீண்டிருந்தது.