அந்த மூச்சு

மேடையில் பாடும்போது காதில் மாட்டிக்கொள்ள முதன்முதலாக இன்-இயர் மானிட்டர் வாங்க வந்த ஜெசிந்தா, சினிமாவில் தான் பாடிய ஒரே பாட்டைப் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். முதல் ஜோடி காதைக் குடைந்தது. இரண்டாவது பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. "இதையே எடுத்துக்கடி," என்றாள் கூட வந்த தோழி வைதேகி. ஜெசிந்தா மூன்றாவதையும் மாட்டிப் பார்த்தாள். செல்போனில் இத்தனை நாள் பிடிபடாததெல்லாம் துல்லியமாகக் கேட்டது. சரணத்தில் உச்சத்துக்கு ஏறும் முன் மூக்கால் இழுத்த ஒரு சின்ன மூச்சு. அது அவளுடையதல்ல, பத்து வருடம் பக்கத்து மைக்கில் கேட்டுப் பழகிய வைதேகியின் மூச்சு. பின்னால் எழுந்த குரலும் வைதேகியுடையதுதான்.

ஜெசிந்தா ஒரு காதிலிருந்து கழற்றி நீட்டினாள். "நீயும் கேளேன்."

வைதேகி வாங்கவில்லை. "அந்த ஒரு வரி மட்டும்தாண்டி," என்றாள்.

ஜெசிந்தாவின் இன்னொரு காதில், அடுத்த வரிக்கும் அதே மூச்சு எழுந்தது.